ஊட்டிக்குப் போகவேண்டிய ஓட்டைச் சட்டை

சங்கரன்கோவிலில் ஸ்வெட்டர் போட்ட ஆளை நான் பார்த்ததில்லை. மார்கழியில் வாசல் தெளிக்கும்போதுகூட முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டால் போதும், இந்த ஊர்க் குளிர் அவ்வளவுதான். இப்படிப்பட்ட ஊரில், பங்குனி வெயிலில், உள்ளங்கை வேர்வை நூலில் படாமல் துடைத்துத் துடைத்து நான் ஒரு கார்டிகன் பின்னினேன். முன்பக்கம் திறந்து பித்தான் வைத்த ஸ்வெட்டருக்கு அதுதான் பெயராம். அதுவும் கம்பளியில் இல்லை. மெல்லிய பருத்தி நூலில், உடம்பு முழுக்க ஓட்டை ஓட்டையாக.

அதைப் பின்னும்போதுதான் என் வியாதி தெரியவந்தது. அதன் பெயரை எங்கள் பக்கத்தில் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ‘அந்த வியாதி’ என்பார்கள், ‘பெரிய வியாதி’ என்பார்கள், சொல்லிவிட்டு வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொள்வார்கள். குஷ்டம். தொழுநோய் என்று மரியாதையாகச் சொன்னாலும் அதுதான். எனக்கு வந்தது, ஆஸ்பத்திரியில் கிடந்தேன், குணமாகி வீட்டுக்கு வந்தேன். டைபாய்டு வந்து பிழைத்தவர்கள் எல்லாம் அந்தக் கதையைக் கேட்கிறவர் காது புளிக்கும்வரை சொல்கிறார்கள். எனக்கு மட்டும் என்ன தடை என்று யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை.

அந்த ஓட்டைச் சட்டைக்கு உத்தரவு போட்டவள் என் வீட்டுக்காரரின் அக்கா. புளியங்குடியில் எலுமிச்சை மண்டி வைத்திருக்கிற வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். நான் மைனி என்று கூப்பிடுவேன். அவள் மகள் விஜயாவுக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளைக்கு ஊட்டியில் பாங்கு வேலை. மாப்பிள்ளையின் அம்மா மதுரைக்காரி. அவள் ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையிலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்து, வரப்போகிற மருமகள் இந்த மாதிரி ஒன்று போட்டுக்கொண்டு ஊட்டிக்கு வந்து இறங்கினால் நன்றாக இருக்கும் என்று கொடுத்தனுப்பியிருந்தாள். படத்தில் ஒரு வெள்ளைக்காரி கடற்கரையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். கடற்காற்றுக்கு ஆன சட்டை ஊட்டிக் குளிருக்கு என்ன செய்யும் என்று மதுரைக்காரியும் யோசிக்கவில்லை, எங்கள் மைனியும் யோசிக்கவில்லை. நான் அதைச் சொன்னதும் மைனிக்குக் கோபம் வந்துவிட்டது.

“குளுருக்கா போடுதாவ? நாலு பேரு பாக்கதுக்குப் போடுதாவ. ஒனக்குப் பின்னத் தெரியும், பின்னிக் குடு” என்றாள்.

எனக்குப் பின்னத் தெரியும் என்பது அந்தக் குடும்பத்துக்குப் பெரிய வசதி. பள்ளிக்கூடத்துத் தையல் வகுப்பில் குரோஷா பின்னல் கற்றுக்கொண்ட பாவத்துக்கு, அவர்கள் வீட்டு ரேடியோவுக்கு உறை, மேஜைக்கு விரிப்பு, சீர்த் தட்டுக்கு மூடி என்று எல்லாம் என் கையிலிருந்தே போயின. வாங்கிக்கொள்ளும்போது யாரும் உருப்படியாகப் பார்த்ததுகூட இல்லை. எனக்குப் பிள்ளை இல்லை, அதனால் என் கை சும்மா இருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. இருந்தாலும் விஜயா எனக்குப் பிடித்த பெண். அவளுக்காக நூல் வாங்கினேன்.

குரோஷாவுக்கு ஒரே ஊசி, நுனியில் சின்னக் கொக்கி இருக்கும். அந்த ஊசியைப் பிடித்திருக்கிற வலது கையைத்தான் பார்க்கிறவர்கள் மெச்சுவார்கள். வேலை உண்மையில் இடது கையில் இருக்கிறது. நூல்கண்டிலிருந்து வருகிற நூல் இடது கைச் சுண்டுவிரலை ஒரு சுற்றுச் சுற்றி, ஆள்காட்டி விரல் மேல் ஏறி ஊசிக்குப் போகும். நூலை எவ்வளவு விடுவது, எவ்வளவு பிடிப்பது என்று தீர்மானிப்பது அந்தச் சுண்டுவிரல்தான். அது இறுக்கிப் பிடித்தால் பின்னல் சுருங்கும், தளர விட்டால் தொளதொளக்கும். லேஸ் மாதிரி ஓட்டை விட்டுப் பின்னுகிற வேலையில் இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் ஓட்டை எல்லாம் ஒரே அளவாக இருந்தால்தான் அது டிசைன். இல்லாவிட்டால் அது வெறும் ஓட்டை.

முதுகுப் பக்கம் நன்றாக வந்தது. வலது முன்பக்கமும் வந்தது, விசிறி விசிறியாக விரிந்து, பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது. இடது முன்பக்கத்தை முடித்து இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். இடது பக்கம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. பிரித்துவிட்டுத் திரும்பப் பின்னினேன். இன்னும் மோசமாக வந்தது. நூல்கடைக்காரர் வேறு நம்பர் நூலை என் தலையில் கட்டிவிட்டார் என்று கடைக்கே போய்ச் சண்டை போட்டேன். அவர் சத்தியம் செய்தார், பிறகு என் வாய்க்குப் பயந்து வேறு கண்டு கொடுத்தார். அதிலும் அதே கதைதான். பக்கத்துத் தெருத் தறிகள் விடாமல் கடகடவென்று ஓடுவதால் கவனம் சிதறுகிறது என்று அடுத்து அவற்றைத் திட்டினேன். பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம் அது.

ஒரு சாயங்காலம் என் வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து வந்தார். தாலுகா ஆபீஸில் கிளார்க். சத்தமாகப் பேசத் தெரியாதவர். அவர் என் மடியைப் பார்த்துவிட்டு, “கோமதி, கையில என்ன ரத்தம்?” என்றார். குனிந்து பார்த்தேன். வெள்ளைப் பின்னலில் சிவப்பாகப் பொட்டுப் பொட்டாக இருந்தது. ஓடி ஓடி நூல் என் சுண்டுவிரல் மடிப்பை அறுத்திருக்கிறது. ஆழமாகவே அறுத்திருக்கிறது. எனக்கு வலிக்கவில்லை. எரியக்கூட இல்லை. அவர் விரலைப் பிடித்து அழுத்தினார், அவர் பிடித்திருக்கிறார் என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். அந்த இடது முழங்கைக்குப் பக்கத்தில் வெளுத்த தேமல் ஒன்று ஒரு வருஷத்துக்கு மேலாகவே இருந்தது. எங்கள் ஊர்க் கோமதி அம்மன் கோயிலில் புற்றுமண் விசேஷம். தோலில் என்ன வந்தாலும் அதைக் குழைத்துப் பூசுவது வழக்கம், வெள்ளியில் பாம்பு, தேள் உரு வாங்கிக் காணிக்கை போடுவதும் வழக்கம். நானும் இரண்டையும் செய்தேன். தெருப் பெண்கள் கேட்பார்கள், அரிக்கிறதா என்று. இல்லை என்பேன். எரிகிறதா என்பார்கள். அதுவும் இல்லை என்பேன். கேட்டுவிட்டு, பார்த்தாயா, மண் வேலை செய்கிறது என்பார்கள். அரிப்பும் எரிச்சலும் இல்லாமல் போனதுதான் வியாதியே என்று அந்தப் புத்திசாலிகளில் ஒருத்திக்கும் தெரியாது. கிள்ளிப் பார் என்று ஒருத்தி சொல்லவில்லை. அம்மனை நான் குறை சொல்லமாட்டேன். டாக்டரிடம் போகாதே என்று அவள் யாருக்கும் உத்தரவு போட்டதில்லை. அவள் பேரைச் சொல்லி உத்தரவு போட்டவர்களைத்தான் சொல்கிறேன்.

உள்ளூர் டாக்டர் ஒருவரிடம் போனோம். நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், ரத்தக் குறைவு என்றார். சிவப்பு நிறத்தில் சத்து ஊசி போட்டார், மறுபடி வரச் சொல்லி மறுபடியும் போட்டார். தேமலைக் காட்டினேன். அதெல்லாம் ஒன்றுமில்லை, வெயில் என்றார். ஊசி போட்டால்தான் டாக்டர் என்று நம்புகிற ஊருக்கு ஏற்ற டாக்டர். சிகிச்சை நடக்க நடக்க மோதிர விரலும் மரத்துப்போனது. சாதம் பிசையும் கை இல்லையே என்று அந்த நேரத்திலும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கடைசியில் திருநெல்வேலிக்கு பஸ் ஏறினோம், தோல் டாக்டரைப் பார்க்க. அவர் வீட்டு முன்னறையில் பெஞ்சு போட்டிருந்தார்கள். மற்ற டாக்டர் வீடுகளில் காத்திருக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் வியாதியை விசாரித்துக்கொள்வார்கள். இங்கே ஒருவரும் ஒருவரைப் பார்க்கவில்லை. துண்டைப் போர்த்தியவர், முக்காடு போட்டவள், சட்டைக் கையை மணிக்கட்டுவரை இறக்கிவிட்ட வாத்தியார் என்று எல்லாரும் சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் அதைத்தான் பார்த்தேன்.

டாக்டர் என்னைக் கண்ணை மூடச் சொன்னார். பஞ்சால் தொட்டு, எங்கே தொடுகிறேன் சொல்லுங்கள் என்றார். நான் சொல்வதற்காகக் காத்திருந்தேன், அவர் இன்னும் தொடவில்லை என்று நினைத்து. பல தடவை தொட்டுவிட்டார் என்று பிறகு என் வீட்டுக்காரர் சொன்னார். இரண்டு கண்ணாடிக் குழாயில் வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் ஊற்றித் தேமல் மேல் வைத்தார்கள், எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது. அப்புறம் முழங்கையின் பின்பக்கம் விரலை வைத்து உருட்டினார். முழங்கை இடித்துக்கொண்டால் சுண்டுவிரல்வரை ஜிவ்வென்று ஓடுமே, அந்த நரம்பு. அது எனக்குக் கயிறு மாதிரித் தடித்திருந்தது.

அவர் உதவியாளரிடம் இங்கிலீஷில் பேசினார். பிறகு என் வீட்டுக்காரரைத் தனியே கூப்பிட்டார். நான் எழுந்து கூடவே போனேன். வீட்டம்மாவிடம் இப்போதைக்குச் சொல்லவேண்டாமே என்று டாக்டர் தயங்கினார்.

“கை என்னுது. எங்கிட்டச் சொல்லுங்க. குஷ்டமா?” என்றேன்.

ஆமாம் என்றார். நான் பேரைச் சொன்ன பிறகு அவருக்கும் நிம்மதியாகிவிட்டது, தமிழில் பேசினார். இது கிருமி குறைவாக இருக்கிற வகை, மற்றவர்களுக்குப் பரவாது. மருந்து இருக்கிறது, அடியோடு குணமாகும். அவசரம் எல்லாம் கைக்குத்தான். நரம்பு வீங்கி நெரிபடுகிறது, வீக்கத்தை உடனே இறக்காவிட்டால் இரண்டு விரலும் பருந்தின் நகம்போல உள்பக்கம் மடங்கி அப்படியே நின்றுவிடும். மடங்காமல் காப்பாற்ற முயற்சி செய்யலாம், உணர்ச்சி திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். எனக்கு உயிர் போய்விடுமோ என்ற பயமே வரவில்லை. அந்தக் கை இல்லாமல் நான் யார் என்ற பயம்தான் வந்தது. ஊர் என்னைக் கோமதி என்று கூப்பிட்டால் தெருவுக்குப் பத்துக் கோமதி திரும்புவார்கள். பின்னல் போடுகிற கோமதி என்றால் நான் ஒருத்திதான்.

இதற்கென்றே ஊருக்கு வெளியே ஓர் ஆஸ்பத்திரி இருந்தது, பெயர் வேண்டாம். அங்கே என்னைச் சேர்த்தார்கள். தினம் மாத்திரை, அதோடு மாதம் ஒருமுறை நர்ஸ் கண்ணெதிரில் விழுங்கவேண்டிய பெரிய மருந்து. அதை விழுங்கினால் சிறுநீர் சிவப்பாகப் போகும் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. செத்தேன் என்று அலறி அடித்துக்கொண்டு வெளியே வந்தால், நர்ஸ் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். எத்தனை நோயாளிகளை அவள் இப்படிப் பயப்படவிட்டுச் சிரித்திருப்பாள் என்று நினைத்தால் இன்றும் ஆத்திரமாக வருகிறது. நரம்பு வீக்கத்துக்கு ஸ்டீராய்டு மாத்திரை தனி. அது வீக்கத்தைக் கையில் குறைத்து முகத்தில் ஏற்றியது. முகம் பூரி மாதிரி உப்பியது, பசி பசி என்று வாய் சும்மா இருக்கவில்லை. முழங்கையை அசையாமல் மடக்கி வைத்துச் சிம்பு கட்டினார்கள். காலையில் உருக்கிய மெழுகில் கையை முக்கி எடுத்து, இளகிய விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்கப் பயிற்சி கொடுத்தார்கள். வாரம் ஒருமுறை கண்ணை மூடச் சொல்லிப் பேனா நுனியால் விரலைத் தொடுவார்கள். நான் இருட்டில் காத்திருப்பேன், ஒன்றும் வராது. முடிந்துவிட்டது, கண்ணைத் திறக்கலாம் என்பார்கள்.

என் வீட்டுக்காரர் சனிக்கிழமை தவறாமல் வருவார். முதல் வாரம் சூடான டம்ளரைப் பிடித்து என் விரலில் கொப்புளம் வந்திருந்ததைப் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் டம்ளருக்குத் துணியில் உறை தைத்துக்கொண்டு வந்தார். அந்தத் தையலை நான் எங்கே போய்ச் சொல்வது. ஒரு பக்கம் மேலே ஏறி, ஒரு பக்கம் கீழே இறங்கி, அடியில் ஓட்டை வேறு. பள்ளிக்கூடத்தில் இப்படித் தைத்திருந்தால் முட்டி பெயர்த்திருப்பார்கள். நான் அதை இன்றுவரை தூக்கிப் போடவில்லை.

பக்கத்துக் கட்டிலில் மாடத்தி இருந்தாள். திருவேங்கடத்துப் பக்கம் கரிசல்காட்டு ஊர், ஆடு மேய்த்தவள். ரொம்பத் தாமதமாக வந்து சேர்ந்ததால் அவளுக்கு வலது கையில் இரண்டு விரலும் மடங்கியே போயிருந்தன. அவளைப் பார்க்க யாரும் வந்ததில்லை. பையில் இருந்த கார்டிகனை நான் ஒருநாள் வெளியே எடுத்தபோது அவள் அதைத் தூக்கிப் பிடித்து அந்தப் பக்கம் ஜன்னல் தெரிகிறதைப் பார்த்தாள்.

“இது என்னத்துக்குத் தாயி? ஆடு மேஞ்ச சேல மாதிரில்லா இருக்கு” என்றாள்.

அந்தச் சட்டையைப் பற்றி அதுவரை உண்மை பேசிய முதல் ஆள் அவள்தான். அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் ஒத்துப்போயிற்று. ஆஸ்பத்திரிச் சோறு, நர்ஸின் கொண்டை, வெள்ளிக்கிழமை வந்து பிஸ்கட் கொடுத்துவிட்டு எங்களைத் தொடாமல் கும்பிட்டுப் போகிற தர்மவான்கள் என்று ஒருவரையும் நாங்கள் விட்டுவைக்கவில்லை.

வைகாசியில் மைனி வந்தாள், என் வீட்டுக்காரரோடு ஒரே பஸ்ஸில். உள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள். மரத்தடிக்குக் கிருமி வராது என்று அவளுக்கு யார் சொன்னார்களோ. நான்தான் சிம்பு கட்டிய கையோடு நடந்து போனேன். நான் நெருங்க நெருங்க அவள் பின்னால் போனாள், மரம் முதுகில் இடித்ததும் நின்றாள்.

“கோமதி, தப்பா நெனைக்காத. கல்யாணத்துக்குத் தம்பிய மட்டும் அனுப்பி வையி. கேட்டா, நீ ஒங்க அக்கா பிரசவத்துக்குப் போயிருக்கன்னு சொல்லிக்கிடுதேன். அந்தச் சட்டைய வெளிய கொண்டாராத. இங்கனயே போட்டு எரிச்சிரு” என்றாள்.

என் அக்காவுக்கு அப்போதே பேரன் இருந்தான். பொய் சொல்வதற்குக்கூட அவள் கொஞ்சம் மெனக்கெடவில்லை. பரவாத வகை என்று டாக்டர் சொன்னதை நான் எடுத்துச் சொன்னேன். அவள் என் வாயைப் பார்க்கவே இல்லை, என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை பின்னிக் கொடுத்த விரிப்பில்தான் அவள் வீட்டில் தினம் காப்பித் தட்டை வைக்கிறார்கள்.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் தாய்மாமன் இல்லாமல் பெண் மணவறைக்கு வர முடியாது. மாமன் மாலை போட்டு, மாமன் கையைப் பிடித்து அழைத்து வரவேண்டும், மாமன் மனைவி சீர்த் தட்டு ஏந்தி முன்னால் வரவேண்டும். விஜயாவுக்கு ஒரே மாமன், என் வீட்டுக்காரர். அதனால் மைனிக்கு மாமன் வேண்டும், மாமன் மனைவிதான் வேண்டாம். அக்காவுக்கு முன்னால் குரல் உயர்த்தி நான் கேட்டறியாத என் வீட்டுக்காரர் அப்போதும் உயர்த்தவில்லை.

“மால போட மாமன் வேணும்னா நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் வருவோம்க்கா. இல்லன்னா மண்டி ஆளுல எவனையாவது மாமன்னு நிறுத்திக்கோ” என்றார்.

சொல்லிவிட்டு என் பிளாஸ்க்கைக் கழுவப் போய்விட்டார். மைனி அடுத்த பஸ்ஸில் ஏறினாள். எனக்கு அழுகை வந்தது, ஆனால் அவள் பஸ் புறப்படும்வரை அடக்கிக்கொண்டேன்.

எரிக்கச் சொன்ன பிறகுதான் எனக்கு அதை முடித்தே ஆகவேண்டும் என்று வெறி வந்தது. சிம்பை அவிழ்த்திருந்தார்கள். ஆனால் உணர்ச்சியில்லாத விரலில் நூல் சுற்றக்கூடாது என்று பயிற்சி கொடுக்கிறவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், திரும்ப அறுத்துக்கொண்டால் புண் ஆறாது என்றார். வேறு விரலில் சுற்றிப் பார்த்தேன், ஓட்டை எல்லாம் கோணிக்கொண்டு வந்தது. நான் ஊசியை விட்டெறிந்தபோது மாடத்தி தன் கட்டிலில் இருந்து கையை நீட்டினாள். “எங்கிட்டக் குடு தாயி. இது எப்பவும் மடங்கித்தான கெடக்கு” என்றாள்.

நர்ஸிடம் கேட்டுப் பிளாஸ்திரி வாங்கி அந்த இரண்டு விரலுக்கும் தடிமனாகச் சுற்றினேன். கண்டு அவள் மடியில், நூல் அவள் மடங்கிய விரலுக்குள் புகுந்து என் ஆள்காட்டி விரலுக்கு வந்தது. அந்த விரல்கள் அசையாது, தளராது, களைக்காது. தளர்ந்துபோன இடது பக்கத்தைப் பிரித்து, அதே நூலில் முதல் வரிசை முடித்துப் பார்த்தேன், வலது பக்கத்தோடு அச்சாகப் பொருந்தியது. எனக்கு நம்ப முடியவில்லை. பயிற்சி கொடுக்கிறவர் பிளாஸ்திரியைச் சோதித்துவிட்டு, தினமும் விரலைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லிப் போனார். அவரைப் பற்றி நான் சொல்லியிருந்த பல விஷயங்களை அன்றைக்கு வாபஸ் வாங்கினேன். இடது பக்கம், இரண்டு கை, கழுத்துப் பட்டை எல்லாம் அப்படித்தான் முடிந்தன. பக்கத்து ஊர்க் கதை, ஆட்டுக் கதை, அவளை விட்டுப்போன புருஷன் கதை எல்லாம் கேட்டுக்கொண்டே பின்னினேன். அவள் புருஷனைவிட அவள் ஆடுகளுக்கு மூளை அதிகம்.

ஆனியில் ஒருநாள் வழக்கமான சோதனை. கண்ணை மூடிக்கொண்டு, வழக்கம்போல ஒன்றும் வராது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மோதிர விரலில் என்னவோ பட்டது. எறும்பு ஊர்கிற மாதிரி. எறும்பு என்று நினைத்துக் கையை உதறினேன். பேனா எகிறிப் போய் விழுந்தது. டாக்டர் சிரித்தார். நான் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, அவ்வளவு பேர் முன்னாலும் வாய்விட்டு அழுதேன். சுண்டுவிரலில் உணர்ச்சி திரும்பவே இல்லை, இன்றைக்கும் இல்லை. ஆனால் அது மடங்காமல் நேராக நின்றது. மாடத்திக்குத்தான் என்னைவிட அதிக சந்தோஷம். “எனக்கும் சேத்து நீட்டிக்கோ” என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் தெருவின் மரியாதையைப் பார்க்க நேர்ந்தது. நரம்புக் கோளாறு என்று என் வீட்டுக்காரர் சொல்லியிருந்தார், ஒருவரும் நம்பவில்லை, நம்பாததை ஒருவரும் கேட்கவும் இல்லை. கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் ஊரே ஒருவர் மேல் ஒருவர் விழுந்து நெருக்கியது. என்னைச் சுற்றி மட்டும் எங்கள் தெருப் பெண்கள் காற்றோட்டமாக இடம் விட்டு நின்றார்கள். அவ்வளவு கூட்டத்தில் அவ்வளவு சௌகரியமாக நான் என்றும் தபசு பார்த்ததில்லை.

கார்டிகனை உப்பு போட்ட பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து ரத்தக் கறையை எடுத்தேன். இடது பக்கம் ஓரிடத்தில் மட்டும் மங்கலாக நின்றது, அதன் மேல் பித்தானைத் தைத்தேன். பரிசாகக் கொடுத்தால் மைனி அதை அடுப்பில் போடுவாள் என்று தெரியும். ஆகவே ஆவணியில், புளியங்குடிக் கல்யாண மண்டபத்துக்கு, பட்டுப்புடவைக்கு மேல் நானே அதைப் போட்டுக்கொண்டு போனேன். வேர்வை முதுகில் ஆறாக ஓடியது. சீர்த் தட்டை ஏந்திக்கொண்டு நான் முன்னால் நடந்தபோது, மாமன் கையைப் பிடித்து வந்த விஜயா என்னைப் பார்த்துவிட்டாள். அவளுக்கு எல்லாம் தெரியும். “அத்தை, ஒங்களுக்கு அழகா இருக்கு” என்றாள். மைனி ஒரு தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டு நின்றாள்.

தாலி கட்டி முடிந்ததும் மதுரை அம்மாள், மாப்பிள்ளையின் அம்மா, நேராக என்னிடம் வந்தாள். நல்ல கனத்த சரீரம், கழுத்து நிறைய நகை. தான் கிழித்துக் கொடுத்த பக்கத்தை அவள் மறக்கவில்லை. ஓரத்தை விரலால் தடவினாள், விசிறிகளை எண்ணிப் பார்த்தாள், கடையில் வாங்கியதா என்றாள். நான் பின்னியது என்றேன். உடனே கழற்றச் சொன்னாள். நான் மைனியைப் பார்த்தேன். மைனி என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் ஏன் என்று கேட்பார்கள், ஏன் என்று சொன்னால் கட்டிய தாலியின் ஈரம் காய்வதற்குள் கலவரமாகும். அவளை அன்றைக்குப் பார்த்த மாதிரி நான் என்றைக்கும் பார்த்ததில்லை. நான் நிதானமாகப் பித்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினேன், என் இடது கையால்.

மதுரை அம்மாள் அதை அங்கேயே போட்டுக்கொண்டாள். பித்தான் எட்டவில்லை, அதனால் என்ன, திறந்துவிட்டுக்கொண்டாள். மருமகளுக்கு என்றது எல்லாம் மறந்துபோய்விட்டது. சாப்பாட்டுப் பந்திக்கும் அதோடுதான் உட்கார்ந்தாள். அந்த வெயிலில், அந்த உடம்பில். எனக்குப் பார்க்கவே புழுங்கியது.

பிறகு பல வருஷம் கழித்து விஜயா அவளிடம் உண்மையைச் சொன்னாளாம், மாடத்தி விரல் வழியாக நூல் ஓடியது உட்பட. அந்த அம்மாள், துவைத்தாயிற்றே, அப்புறம் என்ன என்றாளாம். சட்டையை மட்டும் திருப்பித் தரவில்லை. நான் அவளைப் பற்றி வைத்திருந்த அபிப்பிராயத்தை முழுக்க மாற்றிக்கொள்ளவில்லை, பாதி மாற்றிக்கொண்டேன். இதை எழுதலாம் என்று விஜயாதான் சொன்னாள்.

அன்றைக்கு மண்டபத்தில் போட்டோ எடுத்தார்கள். சம்பந்திகள் இருவரும் நடுவில், நாங்கள் ஓரத்தில். நெருங்கி நில்லுங்கள், சம்பந்தி தோளில் கையைப் போடுங்கள் என்று போட்டோக்காரர் மைனியிடம் சொன்னார். அந்தப் படம் புளியங்குடி வீட்டு முன்னறையில் இன்றும் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. போகும்போதெல்லாம் நான் பார்ப்பேன். என் இடது கை சீர்த் தட்டைப் பிடித்திருக்கிறது, ஐந்து விரலும் நேராக. மதுரை அம்மாள் லேஸ் சட்டையில் பூரித்து நிற்கிறாள். பக்கத்தில் மைனி பல் தெரியச் சிரிக்கிறாள். அவள் வலது கை மட்டும் சம்பந்தியின் தோளில் படாமல், ஒரு சாண் மேலே, விரல் எல்லாம் உள்ளே மடங்கிப்போய் அந்தரத்தில் நிற்கிறது. புதிதாக அந்த வீட்டுக்கு வருகிறவர்கள் அந்தப் படத்தைப் பார்த்தால், அந்தக் கைக்குத்தான் ஏதோ வியாதி என்று நினைப்பார்கள்.